கயிறும் காமிராவும்

பாறையில் ஏறுவது ஒரு கலை. ஏறுகிறவரைப் படம் பிடிப்பது இன்னொரு கலை. முன்னதற்குக் கையும் காலும் உறுதியாக இருக்க வேண்டும். பின்னதற்குக் கண் விழிப்பாக இருக்க வேண்டும். இரண்டிலும் நான் வல்லவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஏறுவதில் நடுத்தரம், படம் பிடிப்பதில் நான்கைந்து ஆண்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் கற்றவற்றையும், ஒரே ஒரு படத்தினால் வெட்கப்பட்டுக் கற்ற ஒரு பாடத்தையும் நம் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்லலாம் என்றே இதை எழுதுகிறேன்.

பெங்களூரில் படிக்கிற நமக்குப் பாறைக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் புறப்பட்டால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் இராமநகரம் இருக்கிறது. 1975-இல் வெளிவந்த 'ஷோலே' இந்திப் படத்தில் கப்பர் சிங் ஒளிந்திருந்த கருங்கல் குன்றுகள் அவைதாம். குளிர்காலத்தில் நான்கு நாள் விடுமுறை சேர்ந்து வந்தால், வடக்கே ஏறக்குறைய 450 கிலோமீட்டர் சென்று பாதாமியை அடையலாம். தமிழருக்குப் பழகிய பெயரால் சொன்னால் அதுதான் வாதாபி. 642-ஆம் ஆண்டில் நரசிம்மவர்ம பல்லவன் வென்ற ஊர். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்கள் அங்கே போய் இறங்கியவுடன் ஒரு கணம் பேச்சற்று நின்றுவிடுவார்கள். செந்நிற மணற்கல் சுவர்கள். அவற்றின் நடுவே அகத்தியர் பெயரால் வழங்கும் ஏரி. சாளுக்கியர் 6-ஆம் நூற்றாண்டில் குடைந்த கோயில்கள். அந்தக் கோயில்களுக்கு அப்பாலுள்ள பாறைகளில்தான் நாங்கள் ஏறுவது வழக்கம்.

ஏறுகிற முறையை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முன்னே ஏறுகிறவர் இடுப்பு வாரில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறுவார். பாறையில் சில அடிக்கு ஒன்றாக எஃகு ஆணிகள் பதித்திருக்கும். ஒவ்வோர் ஆணியையும் எட்டியதும் அதில் ஒரு கொக்கியை மாட்டி, கயிற்றை அதன் வழியே செலுத்துவார். கீழே ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். மேலே இருப்பவர் கை தவறினால், கடைசியாக மாட்டிய கொக்கிக்குக் கீழே சிறிது தூரம் விழுந்து கயிற்றில் தொங்கி நிற்பார். நல்ல கயிறு அறுவது மிக மிக அரிது. ஆனால் விழுகிற விதம் ஒழுங்காக இருக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

எங்கே நிற்பது?

முதன்முதலில் காமிராவோடு போகிறவர் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. பாறையின் அடியில் நின்று அண்ணாந்து எடுப்பார்கள். படத்தில் இரண்டு காலணி அடிகளும், ஓர் இடுப்பும், அவற்றுக்கு மேல் கொஞ்சம் வானமும் விழும். முகமும் இராது, கையும் இராது. பாறையின் உயரமும் தெரியாது.

இதற்குக் காரணம் எளிய வடிவ கணிதம். 40 அடி உயரத்தில் ஒருவர் இருக்கிறார். நாம் பாறையிலிருந்து 20 அடி தள்ளி நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நம் பார்வை ஏறக்குறைய 63 பாகை மேல் நோக்கிச் செல்கிறது. ஐந்தரை அடி ஆள் அந்தக் கோணத்திலிருந்து இரண்டரை அடி ஆளாகக் குறுகித் தோன்றுவார். நாம் பின்வாங்கி 80 அடி தூரத்துக்குச் சென்றால் கோணம் 27 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். ஆள் தம் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கு தெரிவார். ஆகவே முதல் விதி: பின்னால் போங்கள், தூரத்தை லென்ஸினால் ஈடுசெய்யுங்கள். 70 முதல் 200 மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸ் இதற்கு உகந்தது. எதிரே ஒரு மேடோ குன்றோ இருந்தால் அதன்மேல் ஏறிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் பாறையின் விளிம்பு தெரியும்; ஏறுகிறவர் எவ்வளவு செங்குத்தான இடத்தில் இருக்கிறார் என்பதும் அந்த விளிம்பிலேதான் தெரியும்.

இவை எல்லாவற்றிலும் சிறந்த இடம் மேலே. ஏறுகிறவருக்குச் சற்று மேலேயும் பக்கத்திலும் தனிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு, அகன்ற பார்வையுள்ள 24 மில்லிமீட்டர் போன்ற லென்ஸினால் கீழ்நோக்கி எடுத்தால், முகம், கை, சுவர், ஆழம், தரையில் நிற்கும் துணைவர் அனைத்தும் ஒரே சட்டத்தில் அடங்கும். ஆனால் அந்த இடத்துக்குத் தனிப் பொறுப்பு ஒன்று உண்டு. ஏறுகிறவரின் கயிற்றிலும் கொக்கிகளிலும் நாம் நம் பாரத்தைப் போடக் கூடாது. நமக்கென்று தனிக் கயிறு, தனிப் பிணைப்பு, அதுவும் ஒன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டும். கயிற்றில் இறங்கவும் ஏறவும் அறிந்தவரோடு சேர்ந்து பழகாமல் யாரும் இதை முயல வேண்டாம். காமிராவைக் கழுத்து வாரோடு விட்டுவிடாமல் இன்னொரு சிறு கயிற்றினால் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். லென்ஸ் மூடியைத் தரையிலேயே விட்டுவிட வேண்டும். மேலே லென்ஸ் மாற்றுவது கூடவே கூடாது. 60 அடி உயரத்திலிருந்து நழுவுகிற ஒரு பொருள் 2 வினாடிக்குள் தரையைத் தொடும். தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 68 கிலோமீட்டர். கீழே நிற்பவர் தலைக்கவசம் அணிந்திருந்தாலும் அது அற்ப விஷயமல்ல.

வெளிச்சமும் வேகமும்

வெயிலில் படம் எடுப்போருக்கு ஒரு பழைய வாய்பாடு உண்டு. லென்ஸ் துவாரம் எஃப் 16. உணர்திறன் எண் 100. நேரம் வினாடியில் 100-இல் ஒரு பங்கு. நல்ல வெயிலில் இது சரியாக வரும். ஆனால் ஏறுகிறவர் ஒரு பிடியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது இந்த நேரம் போதாது, கை மங்கிப்போகும். துவாரத்தை எஃப் 5.6-க்குத் திறந்தால் மூன்று படி, அதாவது 8 மடங்கு ஒளி உள்ளே வரும். நேரத்தை 800-இல் ஒரு பங்காகக் குறைக்கலாம். தாவுகிற கையை நிறுத்த அது போதும். நாமே கயிற்றில் ஊசலாடிக்கொண்டிருந்தால், ஏறுகிறவர் அசையாமல் இருந்தாலும் 500-இல் ஒரு பங்குக்குக் கீழே போகாமலிருப்பது நலம். திறந்த நிழலில் ஒளி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். அப்போது உணர்திறன் எண்ணை 800 ஆக்கினால் பழைய வேகம் திரும்பக் கிடைக்கும்.

நிழலைக் கண்டு படக்காரர் அஞ்ச வேண்டியதில்லை. ஏறுகிறவரும் நிழலைத்தான் தேடுவார். பாறை குளிர்ந்திருந்தால் விரல் வியர்க்காது, பிடி வழுக்காது. கிழக்கு நோக்கிய சுவருக்குக் காலையில் வெயில், பிற்பகலில் நிழல். மேற்கு நோக்கியதற்கு இது தலைகீழ். இதைக் கேட்டு வைத்துக்கொண்டு போனால் நாள் வீணாகாது. தொல்லை தருவது பாதி வெயிலும் பாதி நிழலுமான சுவர்தான். அங்கே காமிரா தடுமாறும். முகம் கறுத்து வானம் வெளுத்துவிடும். வெளிச்சத்தை அளக்கும் கருவி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். பின்னால் பளிச்சென்ற வானம் இருந்தால் ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும்.

பாதாமியின் சிவப்புக்கு இன்னொரு சங்கடம் உண்டு. மாலை வெயில் அந்தக் கல்லின்மேல் விழும்போது சிவப்பு நிறம் மட்டும் அளவு கடந்து நிறைந்து, கல்லின் வரிவரியான அடுக்குகள் மறைந்து, வெறும் செம்பூச்சாக ஆகிவிடும். காமிராத் திரையில் மூன்று நிறங்களின் அளவையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடம் உண்டு. அதில் சிவப்பு வலக்கோடியில் முட்டாமல் பார்த்துக்கொண்டால் கல்லும் கல்லாகத் தெரியும்.

கணத்தைப் பிடித்தல்

இங்கிலாந்தின் ஏரி நாட்டில் கெஸிக் என்னும் ஊரில் ஜார்ஜ், ஆஷ்லி என்ற ஏபிரகாம் சகோதரர்கள் 1890-களிலேயே பாறையேறிகளைப் படம் பிடித்தார்கள். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் ஒளியை மெதுவாகவே ஏற்கும். ஆகவே ஏறுகிறவர் அசையாமல் அப்படியே நிற்க வேண்டும். இன்று வினாடிக்கு 10 படம் எடுக்கும் காமிரா நம்மிடம் இருக்கிறது. ஆனாலும் எந்தக் கணத்தை எடுப்பது என்பதைக் காமிரா சொல்லாது. கை புதிய பிடியை எட்டுவதற்குச் சற்று முன், கண் அந்தப் பிடியில் நிலைத்திருக்கிறதே, அந்தக் கணம்தான் உயிருள்ளது. பிடித்த பிறகு எடுத்தால் ஆறுதல் தெரியும், முயற்சி தெரியாது. இதற்கு முன்னறிவு வேண்டும். பாதையில் கடினமான இடம் எது, அங்கே எந்தக் கை முதலில் போகும் என்று ஏறுவதற்கு முன்பே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏறுகிறவரை "இப்படித் திரும்புங்கள்" என்று கூப்பிடாதீர்கள். அவருடைய கவனம் நமக்குச் சொந்தமல்ல. 2017 ஜூன் 3-ஆம் நாள் அலெக்ஸ் ஹோன்னால்ட் என்னும் அமெரிக்கர் கலிபோர்னியாவில் எல் கபிடான் என்ற மாபெரும் சுவரைக் கயிறே இல்லாமல் ஏறினார். அதைப் படமாக்கியவர்களும் பாறையேறிகளே. மிகக் கடினமான ஒரு பகுதியில் தங்கள் இருப்பு அவர் மனத்தைக் கலைத்துவிடக் கூடாது என்று ஆளை நிறுத்தாமல், தொலைவிலிருந்து இயக்கும் காமிராவை வைத்தார்கள். 'ஃப்ரீ சோலோ' என்ற அந்தப் படம் 2019-இல் ஆஸ்கார் பரிசு பெற்றது. பரிசைவிட அந்த விலகி நிற்கும் பண்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் கூப்பிடவே கூடாதா? கூப்பிட்டே தீர வேண்டிய வேளையும் உண்டு. அதைத்தான் நான் வாதாபியில் கற்றேன்.

வாதாபியில் எடுத்த படம்

அது ஒரு டிசம்பர் மாதம். எங்கள் விடுதி நண்பர் ஒருவர் முன்னே ஏறினார். எனக்கு இளையவர், என்னை அண்ணா என்று அழைப்பவர். அவருக்கு வலப்பக்கத்தில், சற்று மேலே, நான் தனிக் கயிற்றில் தொங்கினேன். 50 அடி உயரத்தில் அவர் காலை அகல விரித்து, இடக்கையை நீட்டி, ஒரு சிறு விளிம்பை எட்டப் போனார். சிவந்த சுவர்; நீலக் கயிறு; கீழே ஏரியில் ஒரு கீற்று வெளிச்சம். நான் விசையை அழுத்தினேன். அவர் விளிம்பைப் பற்றினார். மேலே போய்ச் சேர்ந்தார். எல்லோரும் கை தட்டினோம்.

அன்றிரவு தங்கிய விடுதியில் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். இதுவரை நான் எடுத்தவற்றில் இதுவே தலைசிறந்தது என்று நினைத்தேன். பிறகு நீலக் கயிற்றைக் கண்ணால் பின்தொடர்ந்தேன். இடுப்பிலிருந்து புறப்பட்ட கயிறு அவருடைய வலது கெண்டைக்காலின் பின்புறமாகச் சுற்றிக் கீழே கொக்கிக்குச் சென்றிருந்தது. கால், கயிற்றுக்கும் பாறைக்கும் நடுவே மாட்டியிருந்தது.

இது பாறையேற்றத்தில் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கும் தவறு. அந்த நிலையில் கை தவறியிருந்தால், கயிறு இறுகும்போது காலை வாரிவிட்டிருக்கும். ஆள் தலைகீழாகக் கவிழ்ந்து, பின்மண்டை சுவரில் மோதியிருக்கும். கயிறு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும். விழுகிற விதம்தான் கெட்டிருக்கும். ஏறுகிறவர் தம் காலின் பின்புறத்தைப் பார்க்க முடியாது. கீழே கயிறு பிடித்தவருக்கும் அவருக்கும் இடையே சுவரில் ஒரு புடைப்பு. அவருக்குக் காலணியின் அடிதான் தெரிந்தது. அந்தக் காலைப் பார்க்கக்கூடிய இடத்தில் உலகிலேயே ஒருவன்தான் இருந்தான். அவன் நீலக் கோடு சிவப்புச் சுவரில் எவ்வளவு அழகாக வளைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பார்க்காமல் இல்லை, கயிறாகப் பார்க்கவில்லை. "கயிறு காலுக்குப் பின்னால்!" என்று மூன்று சொல் போதும். அதைச் சொல்ல வாய் வரவில்லை, ஏனெனில் மனம் படத்தில் இருந்தது. எதுவும் நேரவில்லை என்பது என் சாமர்த்தியமன்று.

அந்தப் படத்தை என்ன செய்வது? அதற்கு விடை சொல்லுமுன், ஒரு படத்தைப் பலர் பார்வைக்கு அனுப்பும்படி ஆயத்தம் செய்யும் முறையை விளக்கிவிடுகிறேன். விடையும் அந்த வேலையின் நடுவேதான் எனக்குக் கிடைத்தது.

தூக்குக்குண்டு

காமிராவில் படத்தை 'ரா' என்னும் மூல வடிவில் பதிவு செய்து வாருங்கள். 14 பிட் மூலக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் உண்டு. 'ஜேபெக்' கோப்பில் 256 படிகளே உண்டு. நிழலில் கறுத்துப்போன முகத்தை மீட்க இந்த அதிகப்படி உதவும். நிறச் சமநிலையைக் காமிராவின் தானியங்கிக்கு விட்டால், அது வாதாபிக் கல்லின் சிவப்பை ஏதோ குறை என்று கருதி நீலத்தைக் கலந்துவிடும். பகல் வெளிச்சத்துக்குரிய 5,500 கெல்வின் அளவில் வைத்துக்கொண்டால் கல் தன் நிறத்தில் நிற்கும்.

அடுத்தது படத்தை நேராக்குவது. பாறைப் படத்தில் இதுவே நேர்மையின் சோதனை. 75 பாகைச் சரிவான ஒரு பாறையைக் கணினியில் 15 பாகை திருப்பிவிட்டால் அது செங்குத்துச் சுவராகிவிடும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் முன்னே சாய்ந்து அச்சுறுத்தும். பார்ப்பவர் வாயைப் பிளப்பார். ஆனால் ஏறத் தெரிந்தவர் ஏமாற மாட்டார். கொத்தனார் சுவரின் நேர்மையைத் தூக்குக்குண்டால் பார்க்கிறார் அல்லவா? நம் படத்திலும் தூக்குக்குண்டுகள் உண்டு. மேலிருந்து தளர்வாகத் தொங்கும் கயிறு, இடுப்பில் தொங்கும் வெள்ளைத்தூள் பை, தூரத்து மரங்கள், ஏரியின் நீர்மட்டம் ஆகியவை எப்போதும் உண்மையே பேசும். அவற்றை நேராக வைத்தால் பாறையின் சரிவு தானே சரியாகிவிடும்.

வெட்டிச் சுருக்குவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கைப்பேசித் திரைக்கு 4-க்கு 5 என்ற உயர வடிவம் பொருந்தும். 4,000-க்கு 6,000 புள்ளியுள்ள நெடும்படத்தை அப்படி ஆக்கினால் 1,000 வரிசைகள், அதாவது ஆறில் ஒரு பங்கு போய்விடும். எங்கிருந்து வெட்டுவது? மேலிருந்து வெட்டினால் ஏறுகிறவர் போகப்போகும் வழி மறையும். கீழிருந்து வெட்டினால் கயிறு பிடிப்பவரும் உயரமும் மறையும். மேலிருந்து கட்டிய கயிற்றில் பத்திரமாக ஏறும் ஒருவரை, அந்தக் கயிறு மட்டும் சட்டத்துக்கு வெளியே போகும்படி வெட்டினால், அவர் கயிறே இல்லாமல் ஏறுவதாகத் தோன்றும். நான் தொடக்க நாட்களில் இதைச் செய்திருக்கிறேன். "எவ்வளவு துணிச்சல்!" என்று பலர் எழுதினார்கள். அந்தப் பாராட்டு ஏறியவருக்கும் உரியதல்ல, எனக்கும் உரியதல்ல, கத்தரிக்கோலுக்கு உரியது.

அனுப்புமுன் செய்ய வேண்டியவை

இவ்வளவும் ஆனபின் ஒளியையும் நிழலையும் இலேசாகச் சரிசெய்து, பிறகு அளவைச் சுருக்க வேண்டும். 6,000 புள்ளி நீளமுள்ள படம் திரைக்குத் தேவையில்லை. நீண்ட பக்கம் 2,048 புள்ளி இருந்தால் போதும். நாம் சுருக்காவிட்டால் வலைத்தளம் தன் விருப்பப்படி சுருக்கிவிடும். அது நம் படத்தைப் பார்த்துச் செய்வதில்லை. கூர்மையைக் கூட்டுவதைச் சுருக்கிய பிறகே செய்ய வேண்டும். முன்னால் செய்தால் மணற்கல்லின் சொரசொரப்பு இரைச்சலாகிவிடும்.

நிற வெளி என்று ஒன்று உண்டு. எஸ்.ஆர்.ஜி.பி. என்பது 1996-இல் திரைகளுக்காக வகுத்த பொது அளவு. இதைவிட விரிந்த நிற வெளியில் சேமித்து அனுப்பினால், அதைப் புரிந்துகொள்ளாத திரையில் செங்கல் சிவப்பு சாம்பல் பூத்துப்போகும். கடைசியாக ஜேபெக் ஆக்கும்போது தர எண்ணை 80-க்கு அருகில் வைத்தால் கோப்பும் சிறுக்கும், குறையும் தெரியாது. ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களைக் கைவிட்டுச் சுருக்குகிறது. ஆகவே திருத்தித் திருத்தித் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இழப்போம். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, இரண்டு இடங்களில் பிரதி எடுத்துவிடுங்கள்.

படத்தோடு ஒட்டிக்கொண்டு போகும் செய்திகளையும் கவனியுங்கள். எடுத்த நாள், நேரம், காமிரா ஆகியவற்றோடு, கைப்பேசியானால் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும்கூடக் கோப்புக்குள் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் படத்தைத் தரம் குறையாமல் ஆவணமாக அனுப்பினால் இவையும் உடன் போகும். இராமநகரத்தில் இராமதேவர பெட்டா என்னும் குன்று 2012-இல் பாறுகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கருங்கழுத்துப் பாறு பாறை விளிம்பில் கூடு கட்டி, ஒரு பருவத்துக்கு ஒரே முட்டை இடும் பறவை. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்தினால் அந்த இனமே அழிவின் விளிம்புக்கு வந்தது. 2006-இல் இந்தியாவில் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தருவதற்குத் தடை விதித்தார்கள். அத்தகைய கூடு ஒன்று நம் படத்தில் தற்செயலாக விழுந்தால், இடக்குறிப்பை நீக்காமல் அனுப்புவது கூட்டத்துக்கு வழி சொல்வதாகும். ஏற்றுமதி செய்யும்போது இடக்குறிப்பை நீக்க ஒரு கட்டம் இருக்கும், அதைத் தட்டிவிடுங்கள்.

ஏறியவரின் இசைவும் இன்றியமையாதது. கயிற்றில் தொங்கும்போது உடையும் உடலும் எப்படி எப்படியோ இருக்கும். அழுகிற முகமும் விழுகிற கோலமும் நமக்கு நல்ல படமாகத் தோன்றலாம், அவருக்கு அது வேறு. அதிலும் தங்கைமார் ஏறும் படங்களை அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அனுப்புவது என்று எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்.

படத்துக்குக் கிடைத்த விடை

இப்போது அந்த வாதாபிப் படத்துக்கு வருகிறேன். நேராக்கினேன், நிறம் பார்த்தேன், சுருக்கினேன். கெண்டைக்காலைச் சுற்றிய கயிறு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று கைப்பேசியிலேயே ஒரு பொருளை விரலால் தடவி அழித்துவிடும் வசதி இருக்கிறது. நான்கு அங்குலக் கயிற்றை அழித்துக் காலுக்கு முன்னால் வரைந்துவிட்டால் குறையற்ற படம். விரல் அதற்கு மேலேயே நின்றது என்பதை மறைக்க மாட்டேன்.

அப்போது எனக்கு ஒரு பழைய செய்தி நினைவுக்கு வந்தது. 1973-இல் கேலன் ரோவெல் என்பவரும் இரு துணைவர்களும் கலிபோர்னியாவில் ஹாஃப் டோம் என்ற பாறைச் சுவரை ஆணி அடிக்காமல், பிளவுகளில் செருகி எடுக்கக்கூடிய உலோகத் துண்டுகளைக் கொண்டே ஏறி முடித்தார்கள். ரோவெல் எடுத்த படங்களோடு 1974 ஜூன் மாத 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' இதழ் அதை முகப்புக் கட்டுரையாக வெளியிட்டது. பாறையைக் காயப்படுத்தாமல் ஏறலாம் என்பதைப் பல்லாயிரம் பேர் கண்ணால் கண்டார்கள். படத்தைப் பார்த்து மனிதர்கள் ஏறக் கற்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? நல்லதைக் கற்பார்களானால் பொய்யையும் கற்பார்கள். நான் கயிற்றை இடம் மாற்றி வரைந்தால், கால் அப்படி இருக்கும்போது கயிறு இப்படித்தான் இருக்கும் என்று புதிதாக ஏறும் ஒருவர் நினைக்கக்கூடும்.

மறுநாள் காலை தேநீர்க் கடையில் அந்தத் தம்பியிடம் படத்தைக் காட்டினேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு கயிற்றைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணா, நீங்க மேலேதானே இருந்தீங்க?" என்று கேட்டார்.

"இருந்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லத் தோன்றவில்லை" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. தேநீர் ஆறும்வரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அழிக்காதீங்க, அண்ணா. அப்படியே போடுங்க. ஆனா கயிறு எங்கே இருக்குன்னு எழுதிப் போடுங்க. என் பேர் வேண்டாம்" என்றார்.

அப்படியே செய்தேன். படத்தின் கீழே, கயிறு காலுக்குப் பின்னால் போயிருப்பதையும், அது ஏன் ஆபத்து என்பதையும், அதைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்த ஒருவன் வாய் திறக்கவில்லை என்பதையும் எழுதினேன். அந்த ஒருவன் நான்தான் என்பதையும் எழுதினேன். என் மற்றப் படங்களைப் போல அதற்குப் பாராட்டுக் குவியவில்லை. ஆனால் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கயிறு கட்டச் சொல்லிக் கொடுக்கும் நாளில் இன்றும் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறார்கள். பார்த்தவர்களுள் ஒரு மாணவி சென்ற மாதம் இராமநகரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, கயிறு காலைத் தொட்டதும் தாமே நின்று, காலை எடுத்துக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு பிறகு ஏறினார். நான் அப்போது எதிர்மேட்டில் காமிராவோடு நின்றிருந்தேன். அதைப் படம் எடுக்க மறந்துவிட்டேன்.

நண்பர்களே, காமிரா வாங்கிவிட்டால் பாறைக்கு வாருங்கள். எங்கள் குழுவில் எப்போதும் இடமுண்டு. ஆனால் ஒன்று. கயிறு ஏறுகிறவரின் இடுப்பிலும் பிடிப்பவரின் கையிலும் மட்டும் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். மேலே தொங்கிக்கொண்டு பார்க்கிறவரின் கண்ணிலும் அதன் ஒரு முனை இருக்கிறது. விசையை அழுத்துமுன் கயிற்றை ஒரு முறை பாருங்கள். தவறாக இருந்தால் படம் போனாலும் போகட்டும், வாய்விட்டுச் சொல்லுங்கள்.